பிடரியில் வெயில், நான்கு நிமிடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடல் தாண்டி ஈப்போவில் கடிகாரக் கடை வைத்திருக்கும் நான், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இருபது வருஷமாக ஒரே பாட்டைப் பாடிவருகிறேன்: "கடிகாரத்தைக் கழற்றி ரேடியோ மேல் வைக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது." அதே நான் சேலத்தில் இறங்கியதும், புதிதாக வாங்கிய திசைகாட்டியை என் டிரான்சிஸ்டரின் தோல் உறையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு நாள் நாமக்கல் சீமையைச் சுற்றினேன். முள் என்ன செய்யும், பாவம்! வடக்கை விட்டுவிட்டு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் நான் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அந்தப் பக்கம் மேற்காக இருந்தது. உலகத்தில் இத்தனை மேற்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில், வறண்ட ஏரி ஒன்றைத் தேடிப் புறப்பட்டவன் காவிரியில் போய்க் காலை நனைத்தேன்.

கடிகாரக்காரனுக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது. என் அக்காளின் கணவர் சுந்தரம் அத்தான் பெங்களூரில் விமானி. பெரிய விமானமெல்லாம் இல்லை. நாலு பேர் உட்காரக்கூடிய, மூக்கில் ஒரே ஒரு விசிறி வைத்த கம்பெனி விமானம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலையில் அதை மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு தோல்பை. பைக்குள் பட்டை தீட்டிய வெள்ளைக் கற்கள். பைக்குக் காவலாக, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவன். சேலம் தாண்டியதும் அந்தக் காவல்காரன் அத்தானின் பிடரியில் சில்லென்று எதையோ வைத்து அழுத்தினான். வரைபடத்தைப் பிடுங்கி வெளியே வீசினான். திசை காட்டும் கருவியின் மேல் சட்டையைப் போட்டு மூடினான். நாமக்கல் பாறைக்கோட்டைக்கு மேல் நாலு வட்டம் அடிக்கச் சொல்லி, பிறகு இப்படி, அப்படி என்று திருப்பி, ஏதோ ஒரு வறண்ட ஏரியில் இறங்கவைத்தான். பையோடு குதித்தான். ஊர் ஜனம் தடியோடு ஓடிவருவதைப் பார்த்த அத்தான் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

எந்த ஏரி? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. போலீஸ்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். ஏரோப்ளேனா, எங்கள் ஊரிலா என்று எல்லா ஊரும் கையை விரித்தது. ஆளும் அகப்படவில்லை, கல்லும் அகப்படவில்லை. அகப்பட்டவர் அத்தான் ஒருவர்தான். இவரே கல்லை எங்கோ இறக்கிவிட்டுக் கதை கட்டுகிறார் என்று முடிவு செய்து, விமானம் ஓட்டும் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி விசாரணை வைகாசியில். அதற்குள் இறங்கிய இடத்தை அவர் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் உரிமம் போகும். பின்னாலேயே ஜெயிலும் வரும்.

அத்தான் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அக்காள் எனக்கு எழுதினாள்: "அவர் நிமிஷ நிமிஷமாக எழுதிவைத்திருக்கிறார். உனக்குத்தான் நிமிஷம் புரியும்."

அத்தான் பேச்சில் கஞ்சர். நோட்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு பக்கம். "கோட்டைக்கு மேல் நாலு வட்டம். பிறகு பிடரியில் வெயில், நான்கு நிமிடம். வலக் கன்னத்தில் வெயில், மூன்று நிமிடம். கீழே வெள்ளைக் களங்கள். வறண்ட ஏரி. கரையில் பெரிய மீசை. இறங்கினேன். கும்பிட்டேன். கிளம்பினேன்."

காலை வெயில் பிடரியில் அடித்தால் முகம் மேற்கே. வலக் கன்னத்தில் அடித்தால் முகம் வடக்கே. விமானத்தின் வேகத்துக்கு நான்கு நிமிடம் என்பது ஆறரை மைல், மூன்று நிமிடம் என்பது ஐந்து மைல். பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. ஈப்போவில் மேஜை மேல் வைத்து நானும் போட்டேன். அங்கே சரியாகத்தான் வந்தது.

முதல் நாள் சேலம். அப்பா காலத்தில் ஈப்போவில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருந்து, பிறகு ஊர் திரும்பிவிட்ட ரஹ்மத்துல்லா பாயின் வீட்டில் தங்கினேன். ஜவ்வரிசி மில்களுக்குச் சாக்கு விற்பது அவர் தொழில். என்னைப் பார்த்ததும், "தம்பி இன்னும் அப்படியே இருக்கீங்க, முடியைத் தவிர" என்று வரவேற்றார்.

சாயங்காலம் அம்மாபேட்டைக்குக் கூட்டிப்போனார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். கடையில் நூறு கடிகாரத்தை மாட்டிவைத்து, ஒன்றையும் ஒன்றோடு ஒத்துப்போகாமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. எனக்குக் கை பரபரத்தது. அங்கே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் காரட்டும், பச்சையும் சிவப்புமாகச் சட்னியும் வைத்து மூடித் தருகிறார்கள். ஒரே வாயில் போட வேண்டும். நான் கடித்துத் தின்றேன். பீட்ரூட் சட்டையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் துண்டை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றார்.

வந்த வேலையைச் சொன்னதும் பாய் குரலைத் தாழ்த்தினார். "கிராமத்துப் பக்கம் போய் ஏரோப்ளேன்னு வாயத் தெறக்காதீங்க தம்பி. அடிச்சுப்புடுவாங்க."

"ஏன்?"

"மில்லுக்காரங்க ஏரோப்ளேன் வச்சு, மேகத்துமேல உப்பைத் தூவி மழைய வெரட்டுறாங்கன்னு ஒரு பேச்சு. கிழங்கு மாவு களத்துல காயணும்ல? மழை பேஞ்சா மாவு பாழு. பேயலைன்னா வெள்ளாமை பாழு."

"நிஜமாகவா?"

"நான் மில்லுக்குச் சாக்கு போடுறவன். ஒரு சாக்குல ஒரு ஓட்டை இருந்தா எட்டு நாளு பேசுவானுங்க. அவனுங்க ஏரோப்ளேன் வப்பானுங்களா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ஈப்போக்காரனுக்கு இது வேடிக்கைப் பேச்சுத்தான். எங்கள் ஊரில் மழைக்கு யாரும் காத்திருப்பதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசுக்கு வருவதுபோல் வந்து, ஐந்து மணிக்குப் போகும். அதை விரட்டுவார்கள், அதற்காகச் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் என் தலைக்குள் ஏறவில்லை. ஏறியிருந்தால் நான்காம் நாள் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் நாமக்கல். கோட்டைப் பாறைமேல் ஏறினேன். படி வெட்டியிருக்கிறார்கள், நடுவில் நின்று மூச்சு வாங்கத்தான் இடம் வெட்டவில்லை. மேலே போய்ப் பார்த்தால் வானம் சாம்பல் பூசியதுபோல் மூடிக் கிடக்கிறது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நான் கவலைப்படவில்லை. என்னிடம்தான் திசைகாட்டி இருக்கிறதே! பேருந்து நிலையம் கண்ணில் பட்ட பக்கமாகத் திரும்பி நின்றேன். முள் அதுதான் மேற்கு என்றது. என்ன சௌகரியம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பேருந்தில் கண்டக்டர் என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மேக்கால போகோணும்னா இதுல ஏறக்கூடாதுங்களே."

இரக்கத்தோடு அவரிடம் திசைகாட்டியைக் காட்டினேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். "செரிங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

அன்று நாலு ஏரிகளைப் பார்த்தேன். எல்லாம் வறண்டவை. எல்லாக் கரையிலும் ஒரு முனியப்பன், கண்ணை உருட்டிக்கொண்டு, அரிவாளோடு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. எல்லா முனியப்பனுக்கும் மீசை. அத்தான் எழுதிய மீசை இதுதான் என்பது புரிந்தது. இந்தச் சீமையில் மீசையை வைத்து ஏரியைத் தேடுவது, எங்கள் ஊரில் குடையை வைத்து ஆளைத் தேடுவது மாதிரி என்பதும் புரிந்தது. ஆனால் நாலு ஏரிக்கும் பக்கத்தில் வெள்ளைக் களம் எதுவும் இல்லை.

ராத்திரி மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு. மேலே நெய். ஈப்போவில் இதைத் தின்ன வழியில்லையே என்று முதல் கவளத்திலேயே துக்கம் வந்துவிட்டது. பரிமாறியவர் சொன்னார்: "சாமி, இலையில கெழக்காலத்து ஓரமா ஊறுகா வச்சிருக்குதுங்க, தொட்டுக்குங்க." இந்தப் பக்கத்தில் வலது, இடது என்றெல்லாம் பேசுவதில்லை, இலைக்குக்கூட நாலு திசை உண்டு. திசைகாட்டியைப் பார்த்தேன். என் கணக்குப்படி கிழக்கு என் வயிற்றுப் பக்கம். அங்கே ஊறுகாய் இல்லை. பரிமாறுகிறவருக்கே திசை தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் நான் சந்தித்த, திசை தெரியாத இரண்டாவது ஆள் அவர்.

மூன்றாம் நாள் மேற்கே இன்னும் கொஞ்சம் போனேன். மேற்கு போய் முடிந்த இடத்தில் காவிரி ஓடிக்கொண்டிருந்தது. மோகனூர் என்றார்கள். என் வரைபடத்தில் மோகனூர் நாமக்கல்லுக்குத் தெற்கே இருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று பார்த்தேன். கரையில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, எங்க போகோணும்?"

"மேற்கே."

"மேக்கால போறவிய தெக்கால வந்து நிக்கறீங்களே?"

"இல்லை அம்மா. இதோ பாருங்கள், முள்." சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் நுங்கு வெட்டும் அரிவாளால் காட்டினார். "நீங்க திரும்புனா அதுவும் கூடத் திரும்புதுங்க. வடக்கு எங்கீங்க திரும்பும்?"

இருபது வருஷமாக நான் பாடிவந்த பாட்டு அப்போதுதான் என் காதில் விழுந்தது. திசைகாட்டியை அவிழ்த்து ரேடியோவிலிருந்து பத்தடி தள்ளி மணலில் வைத்தேன். முள் ஒரு ஆட்டம் ஆடி, காவிரிக்கு முதுகைக் காட்டி, வந்த வழியைப் பார்த்து நின்றது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு நுங்கைச் சீவி நீட்டினார். அது ஆறுதலுக்கு.

விசாரணைக்குப் பதினோரு நாள் இருந்தது. அதில் இரண்டை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் பாயே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "உங்களைத் தனியா விட்டா கன்னியாகுமரிதான்" என்றார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு மில்லுக்குச் சாக்கு கொடுக்க வேண்டுமாம். புதுக் கணக்குப்படி ஏரியும் புதுச்சத்திரத்துக்கு மேற்கேதான் வந்தது. பின் சீட்டில் இரண்டு பக்கமும் சாக்குக் கட்டு. அதன் மேல் ஒட்டகத்தில் உட்கார்ந்ததுபோல் நான். எதிரே லாரி வரும்போதெல்லாம் பாய் குனிந்துகொள்வார். லாரிக் காற்று முழுவதையும் நான் வாங்கிக்கொள்வேன். புதுச்சத்திரம் நெருங்கும்போது செயின் அறுந்தது.

பாய் மெக்கானிக்கைத் தேடிப் போனார். நான் பொறுத்திருக்கலாம். பதினோரு நாள் ஒன்பதாகி, ஒன்பது எட்டாகிவிட்ட அவசரத்தில், திசைகாட்டியைச் சட்டைப்பையிலும் ரேடியோவைத் தூர நீட்டிய கையிலும் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தேன். இந்தத் தடவை நிஜமான மேற்கு.

ஒன்றரை மணி நேரத்தில் அவை தெரிந்தன. சிமெண்டுக் களங்கள், வரிசையாக, கண் கூசும் வெள்ளை. பெண்கள் நீளக் கட்டையால் மாவைத் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். களத்துக்கு அப்பால் கரை. கரைமேல் மீசை. அந்தப் பக்கம் கால்வைக்கிற இடமெல்லாம் வெடித்துக் கிடந்த ஏரி, பந்தயமைதானம் மாதிரி நீளமாக. சந்தோஷத்தில் ரேடியோவைத் திருகினேன். பாட்டு சரியாக வரவில்லை. கம்பியை முழு நீளத்துக்கும் இழுத்து, மேகத்தைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

கரையடியில் ஒரு டீக்கடை. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ சொல்லிவிட்டு, பேச்சுக் கொடுக்கலாமே என்று ஆரம்பித்தேன்:

"மழை மட்டும் வந்துவிடக் கூடாது. இன்னும் இரண்டு நாள் இப்படியே நின்றால் என் வேலை முடிந்துவிடும்."

ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார். டீ வரவில்லை. ஒருவர் எழுந்து என் கையிலிருந்து ரேடியோவை மெதுவாக வாங்கி, கம்பியை உள்ளே தள்ளினார். இன்னொருவர் ஏர்க்கயிற்றோடு வந்தார்.

"சாமி, கொஞ்சம் கைய நீட்டுங்க. கட்டோணும்."

நீட்டினேன். என்ன செய்வது? அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. பிறகுதான் முதுகில் வேப்பமரம் இருப்பது தெரிந்தது.

ஆள் அனுப்பி ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார்கள். பாவாயம்மாள் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. வயலிலிருந்து நேராக வந்திருந்தார். ஊரில் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். அவர் கணவர் காளியண்ணன்கூடப் பின்னால்தான் நின்றார்.

"எந்த மில்லுக்காரன் அனுப்புனான்?"

"மில் இல்லை அம்மா. நான் ஈப்போ."

பாவாயம்மாள் திரும்பி, "ஈப்போ மில்லு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

"அது ஆத்தூருப் பக்கமாட்ட இருக்குது," என்றார் டீக்கடைக்காரர்.

"கம்பிய மேகத்தப் பாத்து நீட்டுனீங்களா இல்லீங்களா?"

"நீட்டினேன். பாட்டு கேட்க."

"மழை வரக்கூடாதுன்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

"சொன்னேன். அது..."

"அப்பறம் பேசறதுக்கு என்ன இருக்குது?"

இல்லைதான். எனக்கே அந்த வழக்கில் என் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. அப்போது கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அலுத்துக்கொண்டார்: "இந்த மரத்துல எறும்பு எச்சா. போன வாட்டி அவனைக் கட்டுன மரந்தான் வாட்டம்."

"போன தடவையா? யாரை?" என்று கத்தினேன்.

"ஏரோப்ளேன்ல வந்து எறங்குனான்ல, உங்காளு," என்றார் அவர்.

எறும்பு கடித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். கட்டிப்போட்ட ஆள் சிரித்தால் யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். பாவாயம்மாள் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"சட்டைப்பையில் ஒரு போட்டோ இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் அம்மா."

எடுத்தார். அக்காளும் அத்தானும் கல்யாணத்தன்று எடுத்த படம். அத்தான் மாலையோடு கைகூப்பி நிற்பார். பாவாயம்மாள் பார்த்தார். கணவரிடம் கொடுத்தார். அது கை மாறி டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பியது.

"இவரு அன்னிக்கு ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டு வந்தவருங்க," என்றார் காளியண்ணன். "இதே மாதிரி எங்களைப் பாத்துக் கும்புட்டுப்போட்டுத்தான் கெளம்பிப் போனாரு."

கும்பிட்டேன், கிளம்பினேன். நோட்டின் கடைசி வரி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிடரியில் வைத்தது, உரிமம் போனது, அக்காள் எழுதியது, வைகாசி விசாரணை. நடுவில் எங்கள் ஊரில் தினமும் மழை பெய்வதையும் சொன்னேன். அத்தான் கதையைவிட அதைத்தான் அதிகம் கவனித்தார்கள். "தெனமுமா?" என்று இரண்டு தடவை கேட்டார் ஒருவர். கேட்டுவிட்டு, என் கட்டை அவிழ்த்தார்.

அவிழ்த்த கையோடு சோறு வந்தது. கம்பஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, பசியோடு இருக்கக்கூடாதாம். "அவனுக்கும் போட்டனுங்க," என்றார் பாவாயம்மாள். "கட்டுல இருந்தாலும் வகுறு வகுறுதானுங்க."

பாதிச் சாப்பாட்டில் பாய் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நான் திண்டாடிக்கொண்டிருப்பேன் என்று ஓடிவந்தவர், மோருக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அடிக்கலையா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அன்று மத்தியானம் நான் தெரிந்துகொண்டது இது. விமானம் இறங்கியதைப் பார்த்த ஊர், மழை விரட்டி கடைசியில் கையில் கிடைத்தான் என்று ஓடியிருக்கிறது. பையைத் திறந்தால் உள்ளே பொட்டலம் பொட்டலமாக வெள்ளை வெள்ளையாக மின்னுகிறது. உப்பேதான்!

"நாக்குல வச்சுப் பாத்தனுங்க," என்றார் காளியண்ணன். "கரிக்கவேயில்லை. மந்திரிச்ச உப்பாட்ட இருக்குதுன்னு ஏரி நடுக்குழிச் சேத்துல கொட்டி அல்லாரும் மிதிச்சுப்போட்டம். அன்னிக்கு ராத்திரியே மழை புடிச்சு, ஏரி ரொம்பிக் கரைஞ்சிருக்குமுங்க."

"இப்போது அந்தச் சேறு எங்கே?"

"வண்டல் மண்ணுங்களே. போன வருசம் அள்ளி அல்லாரு காட்டுக்கும் அடிச்சாச்சு."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஊரின் கடலைக்காடுகளில் எதெதில் என்ன விளைந்துகொண்டிருக்கிறதோ! ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

அவனை இருட்டும்வரை கட்டிவைத்து, முனியப்பன் முன்னால் சூடம் ஏற்றி, இனி மழையை விரட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்துப் புதுச்சத்திரத்தில் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டே சத்தியம் செய்தானாம். அந்தச் சத்தியத்தை அவன் இன்றுவரை காப்பாற்றி வருகிறான் என்றே நம்புகிறேன். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

"துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"துப்பாக்கியெல்லாம் ஏதுங்க. துண்டுக்குள்ள சைக்கிள் பம்பு மூக்கு ஒண்ணு வச்சிருந்தான்."

இதை மட்டும் நான் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் பயணக் கட்டுரை படிப்பவர் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போலீஸ் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்பதற்கு பாவாயம்மாள் பதில் சொன்னார். ஏரோப்ளேன் என்றால் கவர்மெண்டு. கவர்மெண்டு ஆளைக் கட்டிப்போட்டு, கவர்மெண்டு உப்பைச் சேற்றில் மிதித்தால் எத்தனை வருஷம் போடுவார்கள்? கயிறு எடுத்துவரச் சொன்னவர் அவர். இரண்டு வருஷமாக, தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் மாட்டுக்கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். என் அத்தான் பெங்களூரில் தூங்காத இரவுகளில் எல்லாம் இங்கே ஒருவர் தூங்காமல் இருந்திருக்கிறார். இருவரும் ஒரே கவர்மெண்டுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் கவர்மெண்டு அல்ல, திருடன் என்று நான் சொன்னதும் அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பிறகு வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துவந்தார். விதைக்கடலை போட்டுவைத்திருந்தார்கள். வாயோரம் அரக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி பெயர் பொன்னெழுத்தில் பாதி தேய்ந்து தெரிந்தது. கடலையைக் கொட்டிவிட்டு என் மடியில் வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை. ராத்திரி அங்கேயே தங்கியிருந்தோம். பை இருந்தாலும், இங்கேதான் இறங்கியது என்று ஊர்க்காரர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாவாயம்மாள் சம்மதித்தார். நான் அழகாக எழுதினேன்: "இன்னார் விமானத்தைக் கடத்திவந்த குற்றவாளியைப் பிடித்து..." வாசித்துக் காட்டினேன்.

"அப்படியா நடந்துச்சு? மாத்தி எழுதுங்க. மழைய வெரட்ட வந்தவனைப் புடிச்சுக் கட்டுனம்னு எழுதுங்க."

"அம்மா, அதிகாரிகள் சிரிப்பார்கள். என் அத்தான் தலை உருளும்."

"பொய்யி எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க. நான் அதுக்குத்தான கட்டுனன்?"

கெஞ்சினேன். பாயும் கெஞ்சினார். காளியண்ணன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பாவாயம்மாள் சொன்னபடியே எழுதினேன், உப்பு, சூடம், சத்தியம், பஸ் டிக்கெட் உட்பட. மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் நிதானமாகத் தன் பெயரைப் போட்டார். அத்தானைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நடந்தது வேறு. விசாரணை அதிகாரி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாராம். பையைப் பார்த்தாராம். அத்தானைப் பார்த்தாராம். "இதையெல்லாம் கட்டிச்சொல்ல உங்களால் முடியாது" என்று சொல்லிவிட்டு, ஆளனுப்பி விசாரித்து, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஊரார் மேல் வழக்கு எதுவும் இல்லை. அத்தான் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே சொல்தான் இருந்தது: "கிடைத்தது."

அதெல்லாம் வைகாசியில். அன்று காலை எனக்கு அது தெரியாதே. பாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். மேகம் அத்தனையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கலைந்து, வானம் துடைத்துவைத்ததுபோல் நீலமாக இருந்தது. களத்தில் பெண்கள் மாவைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வழியனுப்ப வந்த பாவாயம்மாளிடம், வேப்பமரத்தைக் காட்டி, என் கடைசி அஸ்திரத்தை விட்டேன். இதைக் கேட்டாவது தாளில் மழையை அடித்துவிடச் சொல்வார் என்ற நம்பிக்கை.

"அம்மா, நீங்களே யோசித்துப் பாருங்கள். நேற்று என்னையும்தான் கட்டினீர்கள். மழை வந்ததா?"

பாவாயம்மாள் வானத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாதியில அவுத்துப்போட்டமுங்களே."